சைதாப்பேட்டையில் தண்ணீர் குடிக்க மறுத்த மாடுகள்

1973 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரிலிருந்து சைதாப்பேட்டைக்குப் போனேன். ஆறு கிலோமீட்டருக்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். பிறகு எங்கெங்கோ போய்வந்துவிட்டேன். இன்றும் மறக்க முடியாதது இந்தப் பயணம்தான்.

அப்போது நான் ஒயர்மேன். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றிய தனகோட்டியம்மாள் மூன்று வாரமாகப் பாதிப் பால்தான் கொண்டுவந்தார். மாடுகள் தொட்டியில் வாய் வைப்பதில்லை, கறக்க உட்கார்ந்தால் காலை உதறுகின்றன என்றார். மாட்டு டாக்டர் பார்த்து நோய் எதுவும் இல்லை என்றாராம். நாலில் இரண்டை அடிமாட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. சைதாப்பேட்டையில் அவருடைய மாட்டுக் கொட்டகைக் கிணற்று மோட்டாருக்கு ஒயர் இழுத்தவன் நான். கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியை அடுத்த வாரம் புதைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனவனும் நான்தான்.

லஸ்ஸில் ஏழேகாலுக்கு பஸ், டிக்கெட் இருபது காசு. ஏழு ஐம்பதுக்கு இறங்கி, ஆற்றங்கரைப் பக்கம் பத்து நிமிட நடை.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. செவலைப் பசு நாக்கு நுனியால் ஒரு தரம் நக்கிவிட்டுத் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. தனகோட்டியம்மாள் ரப்பர் செருப்புக் காலோடு தண்ணீரில் கைவிட்டு, ஒன்றும் இல்லையே என்றார். நான் செருப்பைக் கழற்றி ஈரத்தரையில் நின்று, மோட்டாரிலிருந்து தொட்டிக்கு வரும் இரும்புக் குழாயைத் தொட்டேன். விரலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. எனக்கே அப்படியென்றால், நாலு காலும் ஈரத்தில், ஈர மூக்கைத் தண்ணீரில் வைக்கும் மாட்டுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஃபியூஸைப் பிடுங்கினேன். சற்று நேரத்தில் கறுப்புப் பசு மட்டும் தயங்கித் தயங்கி வந்து குடித்தது. செவலையை அழைக்க அவர் கையைத் தூக்கினார். அது கயிறு இறுகும்வரை பின்னால் போனது.

என் தப்புதான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"திமிருன்னு நெனச்சிக்கினு தெனம் கம்பால அடிச்சேன் நைனா," என்றார். "வலிக்குதுன்னு தான் அது சொல்லிக்கினு இருந்துகீது."

அன்றே எர்த் புதைத்தேன். செவலை அந்தத் தொட்டிப் பக்கம் பிறகு வரவேயில்லை, வாளியில்தான் குடித்தது. அவர் கறக்க உட்கார்ந்தால் பால் சுரக்கவும் இல்லை. சித்திரையில் அதுவும் விலை போனது.

மாட்டுக் கொட்டகை பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாடு தண்ணீரை நக்கிவிட்டு விலகினால், கம்பை எடுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாரம் என்று சொல்லாதீர்கள்.