ஜவ்வரிசி அக்காவின் மூன்று மணிகள்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், அவளுக்கு 'ஜவ்வரிசி அக்கா' என்று பெயர் விழுந்தது சும்மா இல்லை. கடற்பாசிப் பொடியைக் கரைத்து, சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஜவ்வரிசி போல வழுவழுவென்று மணிகளாகத் திரட்டி வைத்திருப்பாள். ரத்தத்தில் போட்டால் அந்தக் கூழ்மணி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மணியிலிருந்து மருந்தைக் கறந்து அளக்கலாம். இரண்டு வருடம் சோதித்துப் பார்த்த சங்கதிதான். இருந்தும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் புல்லரிக்கும். பாசியும் தண்ணீரும் சேர்ந்த அற்பப் பொருளுக்கு இத்தனை புத்தியை யார் கொடுத்தது!

அன்று காலை குழந்தைகள் டாக்டரே நாலு சொட்டு ரத்தத்தோடு வந்தார். பிறந்து ஒன்பது நாளான குழந்தை. வலிப்புக்கு மருந்து கொடுத்ததிலிருந்து கண் திறக்கவில்லை.

"மருந்து உடம்புல தேங்கிடுச்சா, இல்ல மூளையிலயே கோளாறான்னு தெரியணும் அக்கா. தேங்கியிருந்தா நிறுத்திடலாம். மறுபடி குத்தி எடுக்க அதுகிட்ட ரத்தம் இல்ல."

மூன்று மணிகளைப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தாள். அப்புறம் அவள் கையே அவள் காலை வாரியது. இருபத்திரண்டு வருடமாக அடியில் தங்கிய ரத்தக் கட்டியை எறிந்துவிட்டு, மேலே தெளிந்ததை எடுத்து வைத்துப் பழகிய கை அது. மணிகளைக் குப்பையில் தட்டிவிட்டு, மருந்து போய்விட்ட, ஒன்றுக்கும் உதவாத தெளிநீரைப் பத்திரமாக மூடி வைத்தது.

மூடிய பிறகுதான் உறைத்தது. நல்லவேளை, குப்பைப் பை அப்போதுதான் மாற்றியது. மண்டியிட்டுத் தேடினாள். மூன்றும் பையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. எடுத்து அளந்தாள். டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் டாக்டர். மணியைக் குப்பையில தட்டிட்டேன். கொஞ்சம் மருந்து பையில போயிருக்கும். நிஜ அளவு இதவிடக் கூடத்தான் இருக்கும், குறையாது."

"இருக்க வேண்டியதுக்கு இதுவே மூணு மடங்கு அக்கா!" என்று டாக்டர் மாடிக்கு ஓடினார். மருந்து நின்றது.

நான்காம் நாள் மதியம், அத்தனை வருட வேலையில் முதன்முறையாக அவள் குழந்தைகள் வார்டுக்குப் போனாள். தாயிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். குழந்தை அழுது வார்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது.

"காலையிலேர்ந்து இதே கச்சேரிதான். நீங்க யாரு?" என்றாள் தாய்.

"கீழ வேலை பாக்குறேம்மா..."

அழுகை ஒரு நொடி நின்றது. குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோய், ஜவ்வரிசி அக்கா பக்கத்துக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.