சிவப்பாகவே நின்ற தங்கத் தண்ணீர்

கலாதேவி கழுவிய புட்டியில் குறை சொல்ல இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும். மலேசியாவில் ஈப்போ பக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதுதான் பதினொரு வருடமாக அவருடைய வேலை. அப்படிப்பட்டவர் மீதே பழி விழுந்தது.

ஆராய்ச்சியாளர் தினேஸ்வரி தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிடுவாள். அந்தத் தண்ணீர் ரோஸ் சிரப் போலச் சிவந்திருக்கும். துகள்களை ஒரு வெள்ளைப் பொடியில் ஏற்றி, தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால் அதிலிருந்து எரிவாயு குமிழியாகப் பிரியுமாம். ஆனால் மூன்று முறையும் புட்டியில் ஊற்றி வைத்த சிவப்பு நீலமாகிவிட்டது. புட்டி சுத்தமில்லை, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்றார்கள். திங்கட்கிழமை வேறு ஆள் வரும் என்று சூப்பர்வைசரும் சொல்லிவிட்டார்.

கலாதேவி விடவில்லை. நான்காம் முறை தினேஸ்வரி செய்வதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அவள் புட்டியை எடுத்துக் குழாயடியில் அலசினாள்.

“நில்லுங்க டாக்டர்! ஏன் பைப்புத் தண்ணி?”

“சோப்பு ஒட்டியிருக்கக் கூடாதுல்லக்கா. எப்பவும் ஒருவாட்டி அலசிட்டுத்தான் ஊத்துவேன்.”

“நான்தான் காய்ச்சி வடிச்ச தண்ணியில மூணுவாட்டி அலசி வைக்கிறேனே! பைப்புத் தண்ணியில சுண்ணாம்பு இருக்குலா. தண்ணி கொதிக்கிற கேத்தல் அடியில வெள்ளையா படியுதே, பாத்ததில்ல? தோட்டத்துல ரப்பர் பால்ல துளி ஆசிட் பட்டாலே உறைஞ்சிரும். இதுவும் அப்படித்தான் போல.”

தினேஸ்வரியின் முகம் சுருங்கிவிட்டது. அவள் இன்னொரு புட்டியை, அலசாமல், கலாதேவியிடமே நீட்டினாள்.

“நீங்களே ஊத்துங்கக்கா.”

ஊற்றினார். மறுநாள் காலையிலும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

அதற்கு அடுத்த நாள் மதியம், துகள் ஏற்றிய பொடியோடு மொட்டை மாடிக்குப் போனார்கள். தண்ணீருக்கும் கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றினால்தான் வேலை ஓடும் என்று தினேஸ்வரி சொன்னதும், ஆட்களைப் போலத்தான் என்று கலாதேவி சிரித்தார். அடுப்பில்லை, கரண்டு இல்லை. வெயில் மட்டும் விழுந்தது. சற்று நேரத்தில் கடுகளவு குமிழி ஒன்று கிளம்பியது. பிறகு இன்னொன்று. பிறகு சரம் சரமாக.

கலாதேவி குனிந்து குமிழிகளையே பார்த்தார். இந்த வேலைக்கு முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் வாளி சுமந்தபோது தோளைச் சுட்ட அதே வெயில்தான். அதற்கு ஆளைக் கறுக்க வைக்க மட்டுமே தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

பின்னால் நின்று தினேஸ்வரி சூப்பர்வைசரிடம் போனில் பேசினாள். “வேற ஆள் வேணாம் சார். தப்பு என்னோடது. அக்காதான் வேணும்.”

அந்த வார்த்தைக்காகத்தான் கலாதேவி இத்தனை நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். இப்போதோ குமிழிகளை விட்டுக் கண்ணை எடுக்காமலே கையை உயர்த்தினார்.

“மெதுவா பேசுங்க டாக்டர், வந்துக்கிட்டிருக்கு.”