கடற்பூதத்துக்கு வாய் வைத்த நாள்

கண்டிக் கடையொன்றில் மழைக்குத் தார்பாய் விரித்துக் காட்டினார்கள். புது பிளாஸ்டிக்கின் நெடி மூக்கில் ஏறியதும், அதில் இல்லாத இன்னொரு வாசத்தைத் தேடத் தொடங்கினேன். காய்ந்த தேயிலைச் சாறு, மழை, அம்மா.

ஹுன்னஸ்கிரிய மலையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருமே கடலைப் பார்த்ததில்லை. அந்தத் துணிச்சலில்தான், கண்டியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மாமா கடற்பூதப் படம் எடுக்க வந்தார். கடலாக, மலைக்குக் கீழே இருந்த நீர்த்தேக்கம். பூதத்துக்கு, கொழுந்து பறிக்கும் பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குகள். வீடு வீடாகக் கேட்டு வாங்கி, மூங்கில் சட்டத்தில் கட்டி, காலி டின்பால் பேணிகளைக் கண்ணாக வைத்தார். எல்லாம் ஞாயிறு ஒருநாள்தான். திங்கள் விடிந்தால் கமெரா முதலாளிக்கு, படங்குகள் மலைக்கு.

பூதம் விழுங்க வரும் சிறுமி நான். அலற வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரிலிருந்து பூதம் எழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"கத்து புள்ள."

"அது அம்மா படங்கு மாமா. அம்மா வாசம் அடிக்குது."

"பூதத்த மோந்து பார்க்கிற புள்ளைய இப்பத்தான் பார்க்கிறேன்."

ஏழு தடவை எழுந்தது. ஏழு தடவையும் சிரித்தேன். பூதத்துக்குள் இருந்த பெரியப்பா மகன்மார் இருவரும் இருமத் தொடங்கினார்கள். மலையின் நிழல் தண்ணீரில் நீண்டுகொண்டே வந்தது. வெளிச்சம் போனால் படமும் போச்சு. கரையில் நின்ற அம்மா மாமாவின் காதில் என்னவோ சொன்னாள். மாமா திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

பிறகு கமெராவை என் முகத்துக்குத் திருப்பி ஓடவிட்டு, கத்தரிக்கோலோடு பூதத்திடம் போனார். நடுவில் இருந்த படங்கை, சிவப்பு நூலால் ஒட்டுப்போட்ட எங்கள் படங்கை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெட்டி வாயாக்கினார்.

நான் அலறினேன். நாளைக்கும் மழை பெய்யும், அம்மா நனைவாள் என்று அலறினேன். அந்தப் படத்தில் யாரும் சிரிக்காமல் பார்த்த இடம் அது ஒன்றுதான்.

திங்கள் காலை, பூதத்தின் வாயைச் சாக்கு நூலால் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பிரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்கு முன் அம்மா மாமாவை பஸ் ஏற்ற வந்தாள். தூறிக்கொண்டிருந்தது. நான் மாமாவுக்கு முகம் கொடுக்கவில்லை. அவர் மிதிபலகையில் நின்று, "நனையப் போறியே அக்கா" என்றார். அம்மா சொன்ன பதில், தம்பியைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றே நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

"வெட்டச் சொன்னது நாந்தானே. அவ எதுக்குப் பயப்படுவான்னு உனக்கு என்னா தெரியும். போயிட்டு வா."