டாக்டர் சொன்ன கேப்

எழுபதுகளின் நடுவில் என் மகளுக்குப் பத்து வயது. மேல்தாடை குறுகலாக இருந்ததால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. வாயால்தான் மூச்சு விடுவாள். அவள் அத்தா, என் வீட்டுக்காரர், மலாயாவில் இருந்தார். நான்தான் காரைக்குடியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

பல் டாக்டர் அண்ணத்தில் ஒரு கம்பிக்கூட்டைப் பொருத்தினார். அதன் நடுவில் ஒரு திருகு. நூல் கட்டிய சின்னச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"காலையிலயும் சாயங்காலமும் ஒரு திருப்பு. முன்னால கேப் வரும், பயப்படாதீங்க."

எனக்கா தெரியாது? என் வீட்டுக்காரர் மலாயாவில் முன்பல்லுக்குத் தங்கக் கேப் போட்டுக்கொண்டு வந்தவர். பின்னால் இவளுக்கும் அப்படி ஒன்று மாட்டுவார்கள்போல என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் நெல்மணி நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. என் மதினி பார்த்துவிட்டு, "என்னடி, புள்ள மூஞ்சியவே கெடுத்துப்புட்டியே. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்றாள். சாவியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

"டாக்டர் திருப்பச் சொன்னாகல்லம்மா?" என்றாள் மகள்.

"வாயை மூடு" என்றேன்.

அடுத்த மாதம் டாக்டர் அவள் வாய்க்குள் பார்த்துவிட்டு, "ஒழுங்காத் திருப்புனீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

மகள் முந்திக்கொண்டாள். "அம்மா திருப்ப வந்தாக டாக்டர். நான்தான் வலிக்குதுன்னு வாயைத் திறக்கலை."

அவர் அவளைத்தான் திட்டினார். "கேப் விழுந்தாத்தான் தாடை விரியுதுன்னு அர்த்தம். அப்புறம் அது தானா மூடிக்கும். இப்ப மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும், இன்னும் வலிக்கும்."

அவர் சொன்ன கேப் பல்லுக்கு மாட்டுவது இல்லை, பல்லுக்கு நடுவில் விழுந்த அந்தச் சந்துதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பிள்ளை தலைகுனிந்து திட்டு வாங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்று நினைத்தாலும் என்மேலேயே கோபம் வருகிறது.

பஸ்ஸில் கேட்டேன், "ஏன் புள்ள பொய் சொன்னே?"

"உங்களைத் திட்டுவாகளேன்னுதான்."

அன்று சாயங்காலமே அரிசிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தேன். அவளே என் மடியில் தலைவைத்து வாயைத் திறந்தாள். ஒவ்வொரு திருப்புக்கும் கண்ணோரம் நீர் வழியும். வலிக்கிறது என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் நான் நிறுத்திவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.