லெக்ஸஸ் வாய்க்கால் கரைக்கு வந்த நாள்

திண்டுக்கல் பேகம்பூரில் அப்துல் ஹக்கீமைக் கண்டால் வண்டிப் பேச்சு பேசாமல் போகிறவர்கள் குறைவு. பதினேழு வருஷம் கத்தாரில் ஒரே வீட்டில் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்த வீட்டில் இரண்டு பெரிய வண்டிகள். முதலாளிக்கு லேண்ட் குரூசர், அவர் மனைவிக்கு லெக்ஸஸ். ஜும்மா முடிந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"பாய், ரெண்டுல எது ஒசத்தி?"

ஹக்கீம் அலுத்துக்கொள்ளாமல் சொல்வார். "ரெண்டும் ஒரு தாய் பிள்ளைக. ஒரே கம்பெனி, அடியில ஒரே சட்டம், ஒரே மாதிரி இன்ஜின். ஒண்ண மணல்ல ஓடுறா மகனேன்னு அனுப்பிட்டாக. இன்னொண்ணுக்கு நகை போட்டு டவுனுக்குள்ள வச்சுக்கிட்டாக. அம்புட்டுத்தான்."

டீக்கடையில் வாய் ஓயாத மனிதர், வீட்டுக்குள் நுழைந்ததும் விருந்தாளி மாதிரி ஆகிவிடுவார். அவர் இல்லாத வருஷங்களில் மனைவி பக்ருன்னிசாதான் மனை வாங்கி, கொத்தனாரோடு மல்லுக்கு நின்று வீடு கட்டி, மகளை மதுரையில் கட்டிக் கொடுத்தாள். எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்பதுகூட ஹக்கீமுக்கு இன்னும் பிடிபடவில்லை. இனி யாருக்கும் வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். வேறு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் மோகன்குமார் போன் செய்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர், குடியிருப்பது திண்டுக்கல்லில். பெரிய வண்டி ஒன்று வாங்குவது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவெடுத்து, எந்த வண்டி என்பதில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவருக்கு லேண்ட் குரூசர்தான் வேண்டும். மனைவி சுகன்யாவுக்கு லெக்ஸஸ்.

"ஏனுங்க பாய், ரெண்டையும் ஓட்டுனவரு நீங்கதானுங்க. ஒண்ணு என்ற மச்சாங்கிட்ட இருக்குது, இன்னொண்ணு கோயமுத்தூர் சிநேகிதருது. ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டையும் கேட்டு வச்சுட்டேன். ஓட்டிப்பாத்து, எது ஆகும்னு சொல்லிப்போடுங்க."

ஒரு நாள்தானே என்று ஹக்கீம் ஒப்புக்கொண்டார்.

சுகன்யாவின் அப்பா அவளுக்கு எழுதி வைத்த தென்னந்தோப்பு சித்தையன்கோட்டையைத் தாண்டி இருந்தது. அங்கே போய் வருவதுதான் சோதனை. ஹக்கீம் லெக்ஸஸை எடுத்தார், சுகன்யா பின்னால் உட்கார்ந்தாள். மோகன்குமார் லேண்ட் குரூசரில் தொடர்ந்தார். கண்ணாடியை ஏற்றியதும் வெளிச்சத்தம் அத்தனையும் நின்றுபோயிற்று. செம்பட்டி வரும்வரை சுகன்யா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பணக்கார வீட்டுப் பெண்கள் எந்த ஊரிலும் இப்படித்தான் என்று ஹக்கீம் நினைத்துக்கொண்டார்.

சித்தையன்கோட்டைக்கு அப்பால் தார் ரோடு முடிகிற இடத்தில் லெக்ஸஸை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். இனி வாய்க்கால் கரைதான். முந்தின வாரம் பெய்த மழையில் கரை முழுக்கப் பள்ளமும் சேறுமாகக் கிடந்தது. மூவரும் லேண்ட் குரூசரில் ஏறினார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் ஹக்கீமின் கைகளுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. வண்டி ஒரு பள்ளத்துக்கும் தயங்கவில்லை. மோகன்குமார் முன் சீட்டில் குழந்தையைப் போலக் குதூகலித்தார்.

"பாத்தீங்களா பாய்! இதல்லவா வண்டி!"

"தோட்டந்தொறவுன்னா இதுதான் சார். இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல" என்றார் ஹக்கீம்.

சொல்லிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தார். சுகன்யா மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"அண்ணே, செத்த நிறுத்துங்க."

இறங்கிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் முதுகில் ஆபரேஷன் செய்து இரண்டு வருஷம் ஆகிறது என்று மோகன்குமார் அப்போதுதான் சொன்னார். அதற்கு முன்பு தோப்பை முழுக்கப் பார்த்துக்கொண்டது அவள்தானாம். உரம் வைப்பது, காய் வெட்டுவது, வியாபாரியோடு விலை பேசுவது எல்லாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு தடவைகூட வர முடியவில்லை. வண்டியைக் குறை சொல்ல ஏதுமில்லை. அது அந்தப் பாதையில் செய்ய வேண்டியதைச் செய்தது. அவள் முதுகுக்குத்தான் ஆகவில்லை.

"நாந்தான் சொன்னேனில்ல, நீ எதுக்கு அலையோணும்? தோப்ப நான் பாத்துக்கறேன்" என்றார் மோகன்குமார்.

சுகன்யா ஹக்கீம் பக்கம் திரும்பினாள். தூரத்தில் தென்னை மட்டைகள் அசைவது தெரிந்தது. "அண்ணே, அந்த வண்டிய இங்க கொண்டு வாங்க" என்றாள்.

"லெக்ஸஸையா? வேணாம்மா. அது டவுனுக்குள்ள ஓட்டுறது. கத்தார்ல எங்க மேடம் அதுல கடைக்குப் போவாக, விருந்துக்குப் போவாக. மணல் பக்கம் வந்ததே இல்ல."

"வரமாட்டேன்னு அவங்க சொன்னாங்களா, இல்ல யாருமே கூப்பிடலியா?"

ஹக்கீம் லேண்ட் குரூசரைக் கரையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டுப் புளியமரத்தை நோக்கி நடந்தார். நடக்க நடக்க அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் முதலாளியும் பிள்ளைகளும் பாலைவனத்தில் கூடாரம் போட்டபோது மேடம் வாசல்வரை வந்து வழியனுப்புவார். அந்த முகத்தை ஹக்கீம் ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அது போகட்டும், மேடம் யாரோ. பக்ருன்னிசாவை அவர் கூப்பிட்டாரா? முதலாளி ஒரு தடவை, உன் மனைவியை மூன்று மாதம் கூட்டி வந்து வைத்துக்கொள் என்றார். அவளுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளாது என்று இவரே பதில் சொல்லிவிட்டார். அவளிடம் கேட்கவில்லை.

லெக்ஸஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். சுகன்யா ஏறிச் சாய்ந்துகொண்டதும், பொத்தானை அழுத்தி வண்டியின் உடம்பை உயர்த்தினார். "பாத்துங்க பாய், அடுத்தவன் வண்டி" என்று மோகன்குமார் முன்னால் நடந்துகொண்டே பள்ளங்களைக் காட்டினார். ஹக்கீம் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தார். பள்ளத்தில் சக்கரம் இறங்குவது தெரிந்தது, ஆனால் இடி உள்ளே வரவில்லை. அடியில் இருந்தது அதே சட்டம்தான். மேலே போட்ட நகை என்று அவர் கேலி பேசியதெல்லாம் இன்று ஒரு மனுஷியின் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"வலி இருக்குண்ணே. ஆனா தாங்குது. போங்க."

தோப்பில் இறங்கியதும் சுகன்யா முதலில் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு தானாகவே நடந்தாள். காவல்காரர் ஆண்டிச்சாமி, "தாயி, வந்துட்டியா!" என்று ஓடி வந்தார். அவள் ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஆண்டிச்சாமியண்ணே, குருத்துல வண்டு அடிச்சிருக்கு. இதுக்குப் பக்கத்து மரத்துலயும் ஏறிடுச்சு. யாருமே பாக்கலியா?"

ஆண்டிச்சாமி மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் மரத்தைப் பார்த்தார். மாதம் ஒரு முறை வந்து போனவர் அவர்தான். "லெக்ஸஸே வாங்கிப்போடலாம் புள்ள" என்றார்.

"வாங்கலாம். மொதல்ல கரையில நாலு லோடு கிராவல் அடிங்க" என்றாள் சுகன்யா. ஹக்கீம் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் சேற்றையெல்லாம் கழுவிவிட்டு ஹக்கீம் இரண்டு வண்டிகளையும் ஒப்படைத்தபோது, மோகன்குமார் அவரை மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. வண்டி வந்ததும் வாரத்தில் இரண்டு நாள் சுகன்யாவைத் தோப்புக்குக் கூட்டிப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

பக்ருன்னிசா அடுப்படியில் இருந்தாள். வாசற்படியில் நின்றே கேட்டார். "நான் கத்தார்ல இருந்தப்ப, உனக்கு அங்க வரணும்னு இருந்துச்சா?"

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சாக்கும்? தள்ளுங்க, வெஞ்சனம் தீயுது."

சாப்பாடு பரிமாறும்போது அவளே பேச்சை எடுத்தாள். "மணல்ல வண்டி ஏறி எறங்குறத போன்ல காட்டுவீங்கள்ல? அதப் பாத்தப்பல்லாம் ஆசையாத்தான் இருக்கும்."

"உக்காந்து போகவா?"

"ஓட்டத்தான். ஏன், வீடு கட்டல நானு?"

அடுத்த மாதமே பழைய சின்னக் கார் ஒன்று வாசலுக்கு வந்தது. பைபாஸ் ஓரம் பிளாட் போட்டு யாரும் வீடு கட்டாமல் கிடந்த இடத்தில் விடியற்காலையில் பாடம் ஆரம்பமானது. கிளச்சை விடத் தெரியாமல் அவள் இன்ஜினை அணைத்துக்கொண்டே இருந்தாள். ஹக்கீம் கத்தினார். அவள் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒங்க முதலாளி மகனுக்குச் சொல்லிக் குடுத்தப்பவும் இப்படித்தான் கத்துனீங்களா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வண்டி ஓட்ட வந்தது.

அவள் லைசென்ஸ் வாங்கிய சேதி தெருவைத் தாண்டிப் போயிற்று. முதலில் வந்தவர் பள்ளிக்கூட டீச்சர் ரோஸ்மேரி. பெண்களுக்கு நிதானமாகச் சொல்லித்தருகிற ஆள் வேண்டுமென்று கேட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு டீச்சர்கள் வந்தார்கள். முறைப்படி அனுமதி வாங்கி, இரண்டு பக்கமும் பிரேக் வைத்த வண்டியோடு ஹக்கீம் இப்போது பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். போனை எடுத்து நேரம் ஒதுக்குவது பக்ருன்னிசாவின் வேலை. சுகன்யாவின் லெக்ஸஸும் வந்துவிட்டது. கிராவல் அடித்த கரையில் அவளே ஓட்டிப் பார்க்கிறேன் என்கிறாள். டாக்டர் சம்மதிக்கட்டும் என்று ஹக்கீம் தள்ளிப்போட்டு வருகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயக்குடிக்குக் கொய்யா வாங்கப் புறப்பட்டார்கள். அந்தப் பழைய சின்னக் காரைப் பக்ருன்னிசா ஓட்டினாள். பழனி ரோட்டில் முதல் கொஞ்ச தூரம் ஹக்கீமின் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி அமுக்கிக்கொண்டிருந்தது. பிறகு அது தானாக அடங்கியது. ஜன்னலைக் கீழே இறக்கிவிட்டு, ரோட்டோரத்து முருங்கைக் காடுகளையும் அதற்கு அப்பால் நீலமாகத் தெரிந்த மலையையும் பார்த்துக்கொண்டே போனார்.