என் பெயரில் இருந்த குறட்டை

என் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு மரச் சிமிழ் இருக்கிறது. குங்குமம் வைக்கிற சிமிழ்தான். என் மனைவி அதில் எனக்காகப் பஞ்சு வைத்திருந்தாள். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த, இப்போது நான் மட்டும் குடியிருக்கிற இந்த ஃப்ளாட்டின் கூடத்தில், சாப்பாடு முடிந்த பிற்பகல்களில் காலை நீட்டி உட்கார்ந்து சுவாமி விளக்குக்குத் திரி திரிப்பாள். கடைசியில் கொஞ்சம் பஞ்சைத் தனியே எடுத்து, குட்டையாகவும் தடிமனாகவும் இரண்டு உருட்டுவாள். அவை என் காதுக்கு. சுவாமியோடு எனக்கும் பங்கு போட்டுவிட்டாயே என்று கேலி செய்தால், "பேசாம இருங்கோன்னா" என்பாள். முகம் சிவந்துவிடும்.

அவள் குறட்டை விடுவாள். சாதாரணக் குறட்டை இல்லை. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே தங்கியிருந்தது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மெல்ல ஆரம்பித்து, ஏறி, உச்சியில் சட்டென்று நிற்கும். நின்ற இடத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். ஒரு மெல்லிய விசிலோடு அது மறுபடி தொடங்கினால்தான் எனக்கு மூச்சு வரும். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன், தலையணையை உயர்த்திப் பார்த்தேன். கூடத்துக்குப் போய்ப் படுத்தும் பார்த்தேன். அங்கே, நின்றது மறுபடி தொடங்கியதா என்று சரியாகக் கேட்கவில்லை, அந்தக் கவலையில் இருந்த தூக்கமும் போயிற்று. பஞ்சோடு அவள் பக்கத்திலேயே கிடப்பது என்று முடிவாயிற்று.

எனக்குப் பழகிவிட்டது. அவளுக்குத்தான் அது கடைசிவரை அவமானம். "பொம்மனாட்டி குறட்டை விடறாள்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நன்னாவா இருக்கும்?" என்பாள். உறவுக்காரர்கள் கல்யாணத்தில் பெண்களெல்லாம் மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து வரிசையாகப் படுப்பார்கள். இவள் மட்டும் படுக்கமாட்டாள். விடிய விடியத் தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருப்பாள். இவளைப் போல உழைப்பாளி உண்டா என்று அத்தனை பேரும் மெச்சுவார்கள். மறுநாள் முகூர்த்த நேரத்தில் உட்கார்ந்தபடியே கண் செருகுகிறவளை நான் முழங்கையால் இடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

எங்கள் படுக்கையறைச் சுவர் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் பொது. ஒருநாள் அந்த வீட்டு மாமா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "சார், கோவிச்சுக்கப்படாது. ராத்திரி நீங்க விடற குறட்டைல எங்காத்து காலண்டர் ஆடறது." என் பின்னால் காய்கறிப் பையோடு அவள் நின்றிருந்தாள். "சைனஸ் சார், என்ன பண்றது, மன்னிச்சுக்கோங்கோ" என்றேன். அன்று ராத்திரி கேட்காமலேயே அடையும் வெண்ணெயும் வந்தது. அதிலிருந்து குறட்டை என் பெயருக்கு மாறியது. பக்கத்து வீட்டு மாமா தைலம் வாங்கி வந்தார், அவர் மனைவி சித்தரத்தை இடித்துக் கொடுத்தாள். எல்லாவற்றையும் நல்ல பிள்ளையாக வாங்கிக்கொண்டேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை, ஆகவே உண்மை எங்கள் இருவரோடு நின்றது.

போன ஆடியில் காய்ச்சல் என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பக்கத்துப் படுக்கையில் ஒரு சின்னப் பெண். "நான் அசந்துட்டேன்னா தட்டி எழுப்பிடுங்கோ, பாவம், அந்தப் பொண்ணு தூங்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சரி என்றேன். எழுப்பும்படியாக எந்தச் சத்தமும் அவளிடமிருந்து பிறகு வரவில்லை. அவள் வீடு திரும்பவும் இல்லை.

இந்த வீட்டின் அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பழைய பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். தொடங்குவதற்கு ஆள் இல்லை. இவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

போன வாரம் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது பக்கத்து வீட்டு மாமி அவர்கள் கிரில் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "என்ன மாமா, இப்பல்லாம் உங்க குறட்டையே கேக்கறதில்லையே? மாமி போனதோட நின்னுடுத்தே..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "தூக்கம் வந்தாத்தானே குறட்டை வரும்" என்றேன். அது பொய்யும் இல்லை. ஆனாலும் அவள் பார்வை மாறவில்லை.

அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு குறட்டை விட்டேன். மெல்ல ஆரம்பித்தேன், ஏற்றினேன், நிறுத்தினேன். அந்த விசில் மட்டும் எனக்கு வரவில்லை. இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, அவள் பக்கத்தில் இல்லை என்பது அன்றுதான் புதிதாகத் தெரிந்த மாதிரி இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. கையை நீட்டிச் சிமிழைத் திறந்தேன். அவள் கடைசியாக உருட்டி வைத்த இரண்டும் அப்படியே இருந்தன. எடுத்து என் காதுகளில் வைத்துக்கொண்டேன். பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி, மறுபடி ஆரம்பித்தேன்.