பன்னலின் குட்டி

பெரணிச் செடியின் பிள்ளை பெரணி அல்ல. எழுபதுகளின் கடைசியில், கல்லூரியில் தாவரவியல் படித்தபோது இதைத் தெரிந்துகொண்டேன். இலைக்கு அடியிலுள்ள பழுப்புத் தூள் ஈரத்தில் விழுந்தால் நகத்தளவு பச்சைத் தகடு ஒன்று முளைக்கும். தாயின் சாயல் துளிகூட இருக்காது. ஆண், பெண் விவகாரமெல்லாம் அந்தத் தகட்டில்தான். அதற்குப் பிறப்பது மறுபடி பெரணி.

அந்தத் தகடு ஒன்றை ஓணம் விடுமுறை முடிந்ததும் உயிரோடு கொண்டுவர வேண்டும் என்றார் டீச்சர். நான் ஏற்கெனவே வேதியியலில் தோற்றிருந்தேன். இதிலும் போனால் படிப்பு போதும், சுள்ளிக்கல்லில் தையல் வகுப்பு என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

மட்டாஞ்சேரியில் எங்கள் கிணற்றுச் சுவரில் தகடுகள் நிறைய இருந்தன. முன்கூட்டியே எடுத்தால் காய்ந்துவிடும். பெரணிக்கு எங்கள் வீட்டுப் பேச்சில் பன்னல், பாசிக்குப் பாயல். "கெணத்தடிப் பன்னலைப் பத்திரமாப் பாத்துக்கோம்மா, மார்க்குக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளுருத்தியில் அத்தை வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் பன்னல் தளதளவென்று நின்றது. சுற்றிலும் சுவர் பளிச்சென்று இருந்தது.

"பாயலெல்லாம் தேச்சுக் கழுகிக் களஞ்சேன். இனி உன் செடி நன்னா வரும்" என்றாள் அம்மா.

"அந்தப் பாயல்தாம்மா அதோட குட்டி!"

"அம்மை மாதிரி ஒண்ணுமே இல்லையேடி. எனக்கெப்படித் தெரியும்?"

நான் அழுதேன். அம்மா எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். "சேச்சி, இவிடெ மதிலில் அழுக்குண்டோ?" என்று வீடு வீடாகக் கேட்டாள். ஓணத்துக்கு வெள்ளையடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? இரண்டு வீடுகளோடு பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது. கடைசியில், 'அழுக்குப் பிடிச்ச வீடு' என்று அம்மா எப்போதும் சொல்லிவந்த கோடி வீட்டில், "இஷ்டம்போலே உண்டு, எடுத்தோ" என்றார்கள். தட்டில் வந்தது பெரும்பாலும் வெறும் பாசி. நடுவில் ஒரே ஒரு தகடு கிடந்தது.

டீச்சர் அதை லென்ஸ் வைத்துப் பார்த்து 'ம்' என்றார். தையல் வகுப்பு ரத்தாயிற்று.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள்: "குட்டிக்கு எத்தனை மார்க்?"

"முழு மார்க்."

"அம்மைக்கு?"

"அதுக்கு மார்க் கெடையாது. அது எல்லாச் சுவத்துலயும் இருக்கே."

"எங்கயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா சாயா போடப் போனாள்.